கிளாஸில் நோட்ஸ் எடுப்பது எப்படி? எழுதினால் கவனிக்க முடியவில்லை, கவனித்தால் எழுத முடியவில்லை

மூணாவது பெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருடம், மூன்றாவது செமஸ்டர். அண்ணா யூனிவர்சிட்டியின் கீழ் வரும் ஒரு காலேஜ், பெயர் வேண்டாம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது, மேத்ஸும் பிசிக்ஸும் பள்ளியில் படித்ததன் தொடர்ச்சி மாதிரிதான் இருந்தது. இப்போது சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வந்திருக்கிறது, அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சார் நல்லாத்தான் நடத்துகிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வேகம். போர்டு நிறைய எழுதுவார், எழுதிக்கொண்டே இங்கிலீஷில் பேசுவார், நான் போர்டில் இருப்பதைப் பாதி எழுதி முடிப்பதற்குள் இடது பக்கத்தை அழித்துவிடுவார். ஒரு வரி விடாமல் எழுதிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், ராத்திரி ஹாஸ்டலில் நோட்டைத் திறந்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. ஃபார்முலா இருக்கும், படம் இருக்கும், அது ஏன் அங்கே வந்தது என்று மட்டும் தெரியாது.

பக்கத்து பெஞ்சில் ஒருவன் எழுதுவதே இல்லை, பீரியட் முடிந்ததும் போர்டை போட்டோ எடுத்துக்கொள்கிறான். இன்னொருத்தன் டேப்லெட் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் (வீட்டில் கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்). எதை எழுதுவது, எதை விடுவது? தமிழில் எழுதலாமா, இல்லை இங்கிலீஷிலேயே எழுதிப் பழக வேண்டுமா? டேப் நிஜமாகவே உதவுமா?

அரியர் அரசன்:

தம்பி, இவ்வளவு கஷ்டம் எதற்கு. பழைய கொஸ்டின் பேப்பர் அஞ்சு வருடத்துக்கு எடு, லோக்கல் ஆத்தர் புக் ஒன்று வாங்கு, பரீட்சைக்கு முன்னால் லீவு விடுவார்கள் அல்லவா, அதில் உட்கார்ந்து படி. கிளாஸுக்கு 75 சதவீத அட்டெண்டன்ஸுக்காகப் போ. நோட்ஸ் எழுதி எழுதிக் கை வலித்தவர்களும் நானும் ஒரே சர்டிஃபிகேட்தான் வாங்கினோம்.

சிலிக்கான் சித்தப்பா:

மேலே சொன்னவர் பெயரைப் பார்த்துவிட்டு அவர் அறிவுரையை எடுத்துக்கொள்ளவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பெங்களூரில் சிப் டிசைன் வேலையில் இருக்கிறேன், அதே பாடத்தை அதே மாதிரி காலேஜில் படித்தவன், அதனால் உன் பாடத்தை வைத்தே சொல்கிறேன். பேசுகிறவர் நிமிடத்துக்கு 120, 150 வார்த்தை சாதாரணமாகப் பேசுவார். கையால் எழுதினால் நிமிடத்துக்கு 20, 30 வார்த்தை வந்தாலே பெரிது. அதாவது எப்படிப் பார்த்தாலும் சொல்வதில் ஐந்தில் ஒரு பங்குதான் தாளில் ஏறும், இது உனக்கு மட்டும் இல்லை, வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவனுக்கும்தான். அந்த ஒரு பங்கு எது என்பதை இப்போது போர்டு முடிவு செய்கிறது. அதை நீ முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதை வைத்து முடிவு செய்வது? வேறு எங்கேயும் கிடைக்காததை எழுது. கன்வல்யூஷனை எடுத்துக்கொள், அதாவது ஒரு சிஸ்டத்துக்குள் போகிற சிக்னலை வைத்து வெளியே வருவதைக் கணக்குப் போடுகிற முறை. போர்டில் என்ன வரும்? இன்டக்ரல் வரும், இன்புட்டையும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸையும் பெருக்குவது வரும், அப்புறம் "ஃபோல்ட், ஷிஃப்ட், மல்டிப்ளை, இன்டக்ரேட்" என்று நாலு ஸ்டெப், நாலு படம். இது அத்தனையும் எல்லா டெக்ஸ்ட் புக்கிலும் இருக்கிறது, உன் நண்பனின் போட்டோவிலும் இருக்கிறது. ஆனால் எதற்காக ஒரு சிக்னலைத் திருப்பிப் போட வேண்டும்? அதை அநேகமாக எந்த சாரும் போர்டில் எழுத மாட்டார், வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கோயில் மணியை ஒருமுறை அடித்தால் ரீங்காரம் கொஞ்ச நேரம் கேட்டு அடங்குகிறதே, அதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் இந்த நொடியில் காதில் விழுவது, இதுவரை அடித்த ஒவ்வொரு அடியின் மிச்சத்தையும் கூட்டினால் வருவது. மூன்று நொடிக்கு முன்னால் அடித்த அடியின் மிச்சம் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் மூன்றாவது நொடியில் இருக்கிறது, பத்து நொடிக்கு முன்னால் அடித்தது பத்தாவது நொடியில். பழைய இன்புட் ரெஸ்பான்ஸின் தூர முனையோடு பெருகுகிறது, புதியது கிட்ட முனையோடு பெருகுகிறது, அதனால்தான் ஒன்றைத் திருப்புகிறோம். சார் இப்படி ஒன்றைச் சொல்லும்போது நீ குனிந்து நாலாவது படத்துக்கு ஸ்கேல் வைத்து ஆக்ஸிஸ் போட்டுக்கொண்டிருப்பாய்!

நோட்டில் வர வேண்டியது இவ்வளவுதான்: "ஃபோல்ட் ஏன்? பழைய இன்புட் = ரெஸ்பான்ஸின் தூர முனை." ஒரே வரி. படத்துக்கு நோட்டில் இடம் விட்டுவிட்டு "புக் பார்" என்று எழுதிக்கொள். ராத்திரி புத்தகத்தைப் பார்த்து வரைந்துகொள்ளலாம், அந்த ஒரு வரியை ராத்திரி எங்கே போய்த் தேடுவாய்?

பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார்னெல் யூனிவர்சிட்டியில் வால்டர் பாக் என்பவர் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று இருக்கிறது, கார்னெல் நோட்ஸ் என்று யூடியூபில் தட்டினால் கொட்டும். தாளின் இடது பக்கம் இரண்டரை இன்ச் காலியாக விட்டுக் கோடு போடு, கீழே இரண்டு இன்ச் விடு, வகுப்பில் வலது பக்கம் மட்டும் எழுது. அன்றைக்கே உட்கார்ந்து, எழுதியதைப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடது பக்கத்தில் ஒரு கேள்வி எழுது. கீழே அந்தப் பக்கத்தின் சாரம் இரண்டு வரி. அப்புறம் வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல். நிறைய பேர் கலர் பேனாவில் கோடு போடுவதை எல்லாம் அழகாகச் செய்துவிட்டு இந்த மூடிப் பார்க்கிற வேலையை மட்டும் விட்டுவிடுவார்கள். முறையே அதுதான். கோடு போடாமலேகூடச் செய்யலாம், மூடாமல் செய்து பிரயோஜனம் இல்லை.

மூணாவது பெஞ்ச்:

அண்ணா, ரொம்ப நன்றி. கன்வல்யூஷன் இன்டர்னல் டெஸ்டுக்கு எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன், ஃபோல்ட் எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு சந்தேகம், அந்த ஒரு வரியை எழுத முதலில் சார் சொல்வது புரிய வேண்டுமே. இங்கிலீஷில் சொல்வதை மனசுக்குள் தமிழில் மாற்றி, திரும்ப இங்கிலீஷில் எழுதுவதற்குள் அவர் அடுத்த டாபிக் போய்விடுகிறார்.

பேராதனைப் பழசு:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் இலங்கை, பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்தவன். எங்களுக்கு உயர்தரம் (உங்கள் பன்னிரண்டாவது மாதிரி) வரைக்கும் முழுக்கத் தமிழ். இணைந்த கணிதம், பௌதிகவியல், எல்லாம் தமிழில் படித்து, ஆர்முடுகல் (உங்கள் முடுக்கம்), திணிவு (உங்கள் நிறை), உந்தம் என்று மண்டைக்குள் வைத்துக்கொண்டு கம்பசுக்குப் போனால் முதல் விரிவுரையிலிருந்து எல்லாம் ஆங்கிலம். தெரிந்த பாடமே தெரியாத பாடம் மாதிரி இருக்கும்.

நாங்கள் செய்தது என்னவென்றால் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுகிற அந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டோம். பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலத்தில், காரணம் எல்லாம் தமிழில். "டாம்பிங் கூடினால் ஆட்டம் கெதியாக அடங்கும்" என்று எழுதினால் போதும், அதற்கு வசனம் அமைத்து இலக்கணம் பார்க்கத் தேவையில்லை. எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படவே கூடாது, விளங்காத சொல்லைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போய்விட வேண்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தை அந்த வட்டம் போட்ட சொற்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் அதற்குப் பொருள் தேடி, சரியான ஸ்பெலிங்கோடு எழுதி வைத்தால், செமஸ்டர் பாதி போவதற்குள் புதுச் சொல் வருவதே குறைந்துவிடும். ஒரு விரிவுரையாளர் பாவிக்கும் சொற்கள் அப்படி ஒன்றும் ஆயிரக்கணக்கில் இல்லை, திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான்.

அடுத்தது, எங்கள் பக்கம் குப்பி என்று ஒன்று உண்டு. சீனியர்மாரோ, பட்ச்சில் அந்தப் பாடம் விளங்கினவரோ, மற்றவர்களைக் கூட்டி வைத்து பின்னேரத்தில் படிப்பிப்பது. இலங்கைக் கம்பஸ் எதில் கேட்டாலும் தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் வைக்கும் பெரிய குப்பியைவிட, விரிவுரை நடந்த அன்றைக்கே மூன்று பேர் கொப்பியை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைப்பது பெறுமதி. நான் தவறவிட்ட வரி அவனிடம் இருக்கும், அவன் தவறவிட்டது என்னிடம் இருக்கும். உங்கள் ஹாஸ்டலில் இது இன்னும் சுகம்.

வரிக்கு வரி:

தமிழில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புரிந்துகொள்ள உதவும், சரி. ஆனால் பேப்பரை இங்கிலீஷில்தானே எழுத வேண்டும்? பார்ட் பி-யில் அஞ்சு கேள்வி, ஒவ்வொன்றும் 13 மார்க், மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அங்கே உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. அண்ணா யூனிவர்சிட்டியில் 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் மீடியத்தில் கொண்டுவந்தார்கள், அதில் சேர்ந்தவர்கள் தமிழில் எழுதலாம், இவர் ஈசிஇ இங்கிலீஷ் மீடியம். இரண்டு வருடம் கழித்து இன்டர்வியூவிலும் இங்கிலீஷில்தான் விளக்கச் சொல்வார்கள். கஷ்டமோ நஷ்டமோ இப்போதே பழகுவது நல்லது.

பேராதனைப் பழசு:

வரிக்கு வரி அவர்களே, நீங்கள் சொல்வது பரீட்சைக்குச் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் விரிவுரை மண்டபத்தில் ஒரே நேரத்தில் பாடத்தையும் பழகி மொழியையும் பழகு என்றால் இரண்டும் போய்விடும். சித்தப்பா சொன்ன முறையிலேயே வழி இருக்கிறது. வகுப்பில் வலது பக்கம் தமிழ் கலந்து எழுதட்டும், பின்னேரம் இடது பக்கக் கேள்வியையும் கீழே அந்த இரண்டு வரிச் சாரத்தையும் ஆங்கிலத்தில் எழுதட்டும். தினமும் இரண்டு வரி சொந்த ஆங்கிலத்தில் எழுதினால் பரீட்சைக்குத் தானாக வரும்.

வரிக்கு வரி:

அந்த இரண்டு வரியைத் தினமும் எழுதுவான் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதுவானா என்பதுதான் என் சந்தேகம்.

சாக்பீஸ்:

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுப்பவள், இதே பாடம் இல்லை, சர்க்யூட்ஸ். மேடையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன், உதவலாம்.

நாங்கள் போர்டைப் பார்த்துச் சொல்வதைவிட, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிச் சொல்வதுதான் முக்கியமானது. வேண்டுமென்று செய்வதில்லை, தானாக அப்படித்தான் வரும். அந்த நேரத்தில்தான் முக்கால்வாசி வகுப்பு குனிந்து போர்டில் இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும். எங்களுக்கும் தெரியும், இருந்தாலும் போர்ஷன் முடிக்க வேண்டுமே. அதேபோல ஒரே விஷயத்தை வேறு வார்த்தையில் இரண்டாவது தடவை சொன்னால் எழுதுங்கள். "இங்கே எல்லோரும் மைனஸ் சைனை விட்டுவிடுவார்கள்" என்றால் கட்டாயம் எழுதுங்கள், அது பேப்பர் திருத்திய அனுபவத்திலிருந்து வருவது. நாங்கள் வகுப்பைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை யாருமே எழுதிக்கொள்வதில்லை, பதிலைத்தான் எழுதுகிறார்கள். எனக்குக் கேள்விதான் பெரிது, அது இல்லாத பதில் நோட்டில் அநாதையாகக் கிடக்கும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் பை திறப்பதிலும் மூடுவதிலும் போய்விடுகிறது, அங்கேதான் நேற்றைக்கும் இன்றைக்கும், இன்றைக்கும் நாளைக்கும் என்ன தொடர்பு என்று சொல்கிறோம்.

போட்டோ பற்றி. பெரிய சர்க்யூட் டயகிராம் என்றால் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நான் அனுமதிப்பேன், சிலர் அனுமதிக்க மாட்டார்கள். எடுத்த அன்றைக்கே நோட்டில் அதற்கென்று விட்ட இடத்தில் வரைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேலரியில் கல்யாண போட்டோவுக்கு நடுவில் கிடக்கும். குரலை ரெக்கார்ட் செய்வதும் அப்படித்தான், அனுமதி கேட்க வேண்டும், அதைவிட ஐம்பது நிமிட வகுப்பை மறுபடி கேட்க இன்னொரு ஐம்பது நிமிடம் வேண்டும் என்பதை யோசிக்க வேண்டும். விடுபட்டதைத் திரும்பக் கேட்பதுதான் தேவை என்றால் என்பிடெல் என்ற ஆன்லைன் பாட வீடியோ இருக்கிறது, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது, சிக்னல்ஸுக்கு நல்ல கோர்ஸ்கள் உண்டு. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

டேப், லேப்டாப் கேட்டிருந்தீர்கள். 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ரொம்பப் பிரபலம். லேப்டாப்பில் தட்டியவர்கள் சொன்னதைச் சொன்னபடி நிறைய எழுதினார்கள், ஆனால் கருத்தைக் கேட்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்று வந்தது. அதை வைத்து "பேனாதான் உசத்தி" என்று எல்லோரும் ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்கிறார்கள். 2021-ல் வேறு ஒரு குழு அந்த முதல் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்ததில் லேப்டாப்காரர்கள் அதிகம் எழுதியது உண்மை, மார்க்கில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கருவியை வைத்துப் பெரிதாக எதுவும் மாறிவிடாது. 2013-ல் கனடாவில் செய்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வகுப்பில் லேப்டாப் வைத்து வேறு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் இல்லை, அவர்கள் ஸ்கிரீன் கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மார்க் குறைந்தது. அப்படி யாராவது உங்கள் முன்னால் இருந்தால் பெஞ்ச் மாறி உட்காருங்கள். ஈசிஇ மாதிரி படமும் ஈக்வேஷனும் வருகிற பாடத்துக்குக் கீபோர்டு எப்படியும் சரிப்படாது, பேனா வைத்து எழுதும் டேப் என்றால் நோட்டு மாதிரிதான். நோட்டு 60 ரூபாய்.

இன்னொன்று, ஹைலைட்டர். டன்லாஸ்கி என்பவரும் உடன் நாலு பேரும் 2013-ல் படிக்கும் முறைகள் பத்தை எடுத்து எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று அலசினார்கள். அடிக்கோடு போடுவது, திரும்பத் திரும்பப் படிப்பது இரண்டும் கீழே. தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது இரண்டும் மேலே. சித்தப்பா சொன்ன மூடிப் பார்க்கும் வேலை ஏன் முக்கியம் என்று இதில் தெரிகிறது.

அரியர் அரசன்:

மேடம், மரியாதையோடு சொல்கிறேன், இதெல்லாம் உங்களை மாதிரி ஒழுங்காக நடத்துகிறவர்களுக்குப் பொருந்தும். பிபிடி ஸ்லைடைப் போட்டுவிட்டு அதையே வரி வரியாகப் படிக்கிற கிளாஸில் உட்கார்ந்து "வேறு எங்கும் கிடைக்காததை" எழுது என்றால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். கொஸ்டின் பேங்க் படித்தவன் பாஸ் ஆகவில்லையா?

சிலிக்கான் சித்தப்பா:

பாஸ் ஆவான், அதில் சந்தேகமே இல்லை. டூ மார்க் பத்தும், கொஸ்டின் பேங்கில் இருந்து பார்ட் பி-யில் பாதியும் வந்தாலே தாண்டிவிடலாம். அந்த 15 மார்க் பார்ட் சி-யில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நிற்பான். எம்.டெக் சேர கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் ஈசிஇ பேப்பரில் சிக்னல்ஸ் கண்டிப்பாக வரும், அங்கே கொஸ்டின் பேங்க் விடை ஒன்றுக்கும் உதவாது. ஃப்ரெஷர் இன்டர்வியூவில் நானே கேட்பேன், கன்வல்யூஷன் ஃபார்முலா சொல்லு என்று கேட்க மாட்டேன், ஏன் திருப்புகிறாய் என்றுதான் கேட்பேன். ஆனால் பிபிடி வாசிக்கிற கிளாஸ் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை.

மூணாவது பெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாளாகச் செய்து பார்த்தேன், அதான் திரும்ப வந்தேன். தமிழ் கலந்து எழுத ஆரம்பித்ததும் கை ஓய்ந்து காது கொஞ்சம் வேலை செய்கிறது. ஃபூரியே சீரிஸிலிருந்து (திரும்பத் திரும்ப வரும் சிக்னலை சைன் அலைகளாகப் பிரிப்பது) டிரான்ஸ்ஃபார்முக்கு (திரும்ப வராத சிக்னலுக்கு அதே வேலை) போகும்போது சார் திரும்பி நின்று "பீரியடை இழுத்துக்கொண்டே போ, இன்ஃபினிட்டிக்குப் போனால் திரும்ப வராத சிக்னல் ஆகிவிடும், கோடுகோடாக இருந்த ஸ்பெக்ட்ரம் நெருங்கி ஒரே வளைவாகிவிடும்" என்ற மாதிரி இங்கிலீஷில் சொன்னார், போர்டில் வெறும் லிமிட்தான் இருந்தது. அதை எழுதிவிட்டேன். ஹாஸ்டலில் ரூம்மேட் இரண்டு பேரோடு நோட்டை வைத்துப் பேசுகிறோம், ஒருவன் கிரிக்கெட் மேட்ச் இருந்தால் வர மாட்டான். இடது பக்கக் கேள்வி எழுதுகிறேன். கீழே அந்த இரண்டு வரி இங்கிலீஷ் சில நாள் விட்டுப்போகிறது, வரிக்கு வரி அண்ணன் சொன்னது சரிதான்.

அரியர் அண்ணன் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு பாடம் முழுக்க பிபிடிதான். ஸ்லைடு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது, கிளாஸில் என்ன எழுதுவது?

சாக்பீஸ்:

முதல் நாளே ஸ்லைடு வந்துவிடும் என்றால் ஒரு தாளில் நாலு ஸ்லைடு வரும்படி பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்லைடில் இருக்கும் எதையும் எழுத வேண்டாம். வாசித்துக்கொண்டே போகிறவரும் எங்காவது நின்று ஒரு உதாரணம் சொல்வார், அல்லது ஒரு ஸ்லைடை வேகமாகத் தள்ளிவிடுவார், அதை ஓரத்தில் குறியுங்கள். மீதி நேரத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள், அவர் பதில் சொல்லாவிட்டால் கிளாஸ் முடிந்ததும் போய்க் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்கள், யாரும் கேட்பதில்லை.

கிளாஸ் முடிந்த பிறகுதான் ஸ்லைடு வரும் என்றால் நோட்டில் ஸ்லைடு நம்பரை மட்டும் போட்டு அதன் எதிரே எழுதிக்கொள்ளலாம்.

பேராதனைப் பழசு:

பின்னணி கறுப்பாக இருக்கும் ஸ்லைடு என்றால் பிரிண்ட் கொடுக்கும்போது பின்னணியை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றிக் கொடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் எழுத இடமே இருக்காது, மையைக் குடிக்கிறது என்று கடைக்காரரும் ஏசுவார்.